நூற்றிருபத்தேழு ரப்பர் கொட்டைகள்

காலையில் வேலைக்குப் போகும் முன் தோட்டத்து ஆட்கள் மேஸ்திரியான மண்டோர் முன் வரிசை கட்டி நிற்பதற்குப் பெயர் பெரட்டு. புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்தில் பஞ்சாலையும் அவள் தம்பி முருகையாவும் அதையே ரப்பர் கொட்டைகளை வைத்து விளையாடுவார்கள். எல்லா வரிசையும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு கொட்டை மிஞ்சினாலும் ஆட்டம் செல்லாது.

ஜப்பான்காரர்கள் அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போன அன்று, முருகையா அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அப்பா அவனிடம் ஒரு பையை நீட்டினார்.

“இதுல நூத்தி இருபத்தேழு கொட்ட இருக்கு. ஒண்ணுகூட மிஞ்சாம பெரட்டு நிக்க வைங்க. நின்னுச்சுன்னா அப்பா வந்துருவேன் லா.”

மூன்று மாத வேலை என்றார்கள். வருடமே ஓடிவிட்டது. லாரிச் சத்தம் கேட்டால் போதும், பஞ்சாலை வாசலுக்கு ஓடிவிடுவாள்.

கொட்டைகளோ பிடிவாதமாக இருந்தன. இரண்டு வரிசை வைத்தால் ஒன்று மிச்சம். மூன்று வைத்தாலும் ஒன்று மிச்சம். ஐந்து வைத்தால் இரண்டு.

“ஒரே வரிசையா வச்சிருவோம்கா!”

“ஒத்த வரிசைய எந்த மண்டோருடா பெரட்டுன்னு ஒத்துக்குவாரு?”

பதினொன்று வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த பிறகு பஞ்சாலைக்குத் திடுக்கென்றது. பன்னிரண்டு வரிசை வைத்தால் ஒரு வரிசைக்குப் பத்துக்கு மேல் வராது. வரிசைக்குப் பத்து என்றாலும் பத்து வரிசை என்றாலும் ஒன்றுதான்; அந்தச் சின்ன எண்களையெல்லாம்தான் பார்த்தாயிற்றே! இனி எத்தனை வரிசை வைத்தாலும் பழைய கதைதான். இப்படிப்பட்ட எண்ணைப் பகா எண் என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. இது நிற்கவே நிற்காது என்று மட்டும் தெரிந்துபோயிற்று.

அவளுக்கு அழுகை முட்டியது. அப்பா ஏமாற்றிவிட்டாரா?

“என்னாக்கா? அப்பா வர மாட்டாரா?” முருகையாவின் உதடு பிதுங்கியது.

பஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டு வரிசை வைத்தாள். வரிசைக்குப் பதினாறு. கடைசி வரிசையில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முகம் மலர்ந்தது.

“டேய், அப்பா தன்னைய விட்டுட்டு எண்ணியிருக்காருடா! இது அவரு எடம். அவரு வந்து நின்னாத்தான் பெரட்டு நெறையும்.”

முருகையா ஒரு கல்லை எடுத்து வந்தான். “இத வச்சிருவோமா?”

“வேணாம்டா. அப்பா எடத்துல வேற யாரும் நிக்கக்கூடாது.”

மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு வந்த அம்மா வாசலில் நின்றாள். “இது என்னாடா, கடைசில ஓட்டை?”

முருகையா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான். அம்மா அந்தக் காலி இடத்தையே கூடையை இறக்கி வைக்காமல் பார்த்தாள்.

அப்போது எங்கிருந்தோ வந்த பக்கத்து வீட்டுக் கோழி, நேராகப் போய் அந்த இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது.

பிள்ளைகள் எழுவதற்குள் அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

“ச்சூ! எந்திரி லா! அது அவரு எடம்!”