ஆணிக்கு அஞ்சாத பேட்டரி

காலை ஒன்பதரை. ராஜபாளையம், தென்காசி ரோடு. திறப்பு விழாவுக்கு அரை மணி இருக்கும்போது விழா நாயகனைக் காணவில்லை.

நாயகன் என்றால் கடை முதலாளி ராஜரத்தினம் அல்ல. அவர் இருந்தார், சஃபாரி உடுப்பில் ஒருவராகவும் ஃபிளெக்ஸ் போர்டுகளில் ஒன்பது பேராகவும் இருந்தார். காணாமல் போனது மின்சார ஸ்கூட்டருக்கான பேட்டரி. 'லித்தியச் செம்மல் வழங்கும், ஆணி அடித்தாலும் எரியாத பேட்டரி! எல்.எஃப்.பி. செல், பதினாறு வரிசை!' என்று போர்டுகள் முழங்கின. பத்து மணிக்குச் செம்மல், அதாவது ராஜரத்தினமே, தம் பொற்கரத்தால் அதில் ஆணி அடிப்பார். பிறகு ஆணியோடு அதை ஸ்கூட்டரில் மாட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வரை ஊர்வலம் போவார். திட்டம் அதுதான்.

பேட்டரியை வைத்திருந்த கண்ணாடி அறையின் பூட்டு உடையவில்லை. உள்ளே பட்டு விரித்த மேஜை மட்டும் கிடந்தது. பக்கத்தில் ஒரு சார்ஜர்.

செம்மல் ரிமோட்டை அமுக்கி ஷட்டரை இறக்கினார். "களவாணி உள்ளதான் இருக்கான். ஒரு ஈ வெளிய போகப்படாது!"

வர்த்தகர் சங்கத் தலைவர், நாதஸ்வரக்காரர், இன்னும் இருபது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சித்திரை வெயில். ஏ.சி. இன்னும் அழைப்பிதழில் மட்டுமே இருந்தது.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ. சிவரஞ்சனி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "அந்த அறைக்கு எத்தனை சாவி, அண்ணாச்சி?"

"ரெண்டு. எங்கிட்ட ஒண்ணு, மெக்கானிக் சூசைகிட்ட ஒண்ணு. இன்னும் என்ன விசாரிக்கணும் மேடம்? தூக்கி உள்ள போடுங்க."

சூசை ஸ்டூலில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஷட்டருக்கு வெளியே அவன் மனைவி ஜூடி தகரத்தை அறைந்தாள்.

"மேடம்! அவிய ராத்திரி பூரா வீட்டுலதான் இருந்தாக! நாளைக்குத் துபாய் கம்பெனி இன்டர்வியூ இருக்கு மேடம், களவு கேஸுன்னா பாஸ்போர்ட்டே போயிரும்!"

"பாத்தியளா, ஊரை விட்டு ஓடப் பாக்கான்!" என்றார் செம்மல்.

சிவரஞ்சனி சூசையிடம் குனிந்தார். "பேட்டரியை நீதான் செஞ்சியா?"

"இல்ல மேடம். மொதலாளி வெளியூருல இருந்து வாங்கிட்டு வந்தாக. சீல் வச்சது. கூட வந்த சார்ஜரை மாட்டிவிட்டேன், அம்புட்டுதான். சாயங்காலம் பூட்டிட்டுப் போயிட்டேன்."

"கேமரா?"

சூசை மேலே காட்டினான். கேமரா இருந்த இடத்தில் முதலாளியின் ஃபிளெக்ஸ் முகம், நெற்றிச் சந்தனத்தோடு, கேமராவை மறைத்துச் சிரித்தது.

சிவரஞ்சனி கண்ணாடி அறைக்குள் போய் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரில் 54.6 வோல்ட் என்றிருந்தது. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஹாலின் நடுவே, மாலை போட்ட ஸ்கூட்டர் சென்டர் ஸ்டாண்டில் நின்றது. முன்சக்கரம் தரையைத் தொடாமல் லேசாகத் தூக்கியிருந்தது. அதன் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் முழுதாக இருந்தது. பின்சக்கரத்துக்கு அடியில் இன்னொன்று, சாறு காய்ந்து, அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"பூஜை எப்போ போட்டீங்க?"

"நேத்து சாயங்காலமே. நல்ல நேரம். வண்டி இன்னும் ஒரு அடி நகரல மேடம். சாவியக்கூட ராத்திரி எங்க வீட்டுப் பூஜை அறையில, வெள்ளிச் செம்புக்குள்ள வச்சிருந்தேன். தலைவர் கையாலதான் திறக்கணும்னு."

"பூஜை போடும்போது வண்டிக்குள்ள பேட்டரி இருந்துச்சா?"

"அதெப்படி? அது மேஜையிலல்ல இருந்துச்சு."

"ரத்தினம்," என்றார் சங்கத் தலைவர், வேட்டியைப் பிடித்தபடி, "களவாணியப் பொறவு பிடிக்கலாம்யா. பாத்ரூம் எங்கன இருக்கு?"

"அடுத்த மாசம் கட்டுறோம் தலைவரே."

சிவரஞ்சனி கையை நீட்டினார். "ரிமோட்டக் குடுங்க. வண்டிச் சாவியும்."

"சாவி… தலைவர் கையால…"

"குடுங்க அண்ணாச்சி."

சீட் திறந்தது. உள்ளே பட்டு நூல் கட்டிய பேட்டரி சொகுசாகப் படுத்திருந்தது. நாதஸ்வரக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு பீப்பி ஊதிவிட்டார்.

செம்மல் ஒரு கணம் வெளுத்தார். உடனே சுதாரித்தார். "பாத்தியளா! இங்கன ஒளிச்சு வச்சிட்டு, பொறவு தூக்கிட்டுப் போகலாம்னு இருந்திருக்கான்!"

"இருக்கட்டும். பொருள் கிடைச்சிருச்சு, மணியும் பத்தாச்சு. விழாவ நடத்துவோம்." பேட்டரி மேஜைக்குப் போனது. வெள்ளித் தட்டில் இருந்த ஆணியையும் சுத்தியலையும் எடுத்துச் செம்மலின் கையில் வைத்தார் எஸ்.ஐ. "அடிங்க."

"ஷட்டரத் திறந்துட்டு…"

"எதுக்கு? எரியாத பேட்டரிதான?"

செம்மல் ஆணியைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார். சபையும் அவரைப் பார்த்தது. அடுத்த நொடி ஆணியும் சுத்தியலுமாக ஷட்டரை இரண்டு கையாலும் அறைந்தார். "ஏலே, யாராச்சும் திறங்கலே! உள்ள அம்புட்டுப் பேரும் வெந்து போவோம்!"

வெளியே ஜூடியின் குரல்: "யாரு அது? அவியளா?"

"இல்ல தங்கச்சி," என்றார் சிவரஞ்சனி. "களவாணி."

ரிமோட்டைக் கையில் வைத்தபடியே விளக்கினார். "போன வருஷம் என் வண்டிக்குச் சார்ஜர் மாத்தி வாங்கி ஏமாந்தவ நான். எரியாத ஜாதி எல்.எஃப்.பி. செல்லு ஒண்ணு மூணே முக்காலுக்குச் செத்த குறைச்சலா, 3.65 வோல்ட்டுல நிறையும். பதினாறு கோத்தா 58.4. இந்த சார்ஜர் 54.6. அது 4.2-ல நிறையுற செல்லு பதிமூணுக்கு உண்டானது. அந்த ஜாதி இன்னும் தூரம் ஓடும், ஆனா ஆணி இறங்குனா தீதான். போர்டுல ஒண்ணு, பெட்டியில ஒண்ணு."

"அது சூசைக்கும் தெரியுமே!"

"தெரியட்டும். ஆணி அடிக்க வேண்டியது சூசை இல்லையே. எலுமிச்சம்பழத்துக்கு வாங்க. நேத்து பேட்டரி இல்லாத வண்டி, பின்பக்கம் இலேசு. ஸ்டாண்டுல முன்சக்கரம் தரையில, பின்சக்கரம் அந்தரத்துல. பூசாரி அந்த இடைவெளியில பழத்த வச்சாரு. ராத்திரி சீட்டுக்கடியில கனம் ஏறவும் பின்சக்கரம் இறங்கிப் பழத்த நசுக்கிருச்சு. வண்டி உருண்டிருந்தா முன்னால உள்ளதுதான் முதல்ல நசுங்கியிருக்கும். சீட்டைத் திறக்குற சாவி ராத்திரி பூரா யார் வீட்டுச் செம்புல இருந்துச்சு, அண்ணாச்சி?"

செம்மலின் மீசையிலிருந்து வியர்வை சொட்டியது.

"ஆணிய எந்தப் பக்கம் அடிக்கணும்னு கேக்க நேத்து ராத்திரி பேட்டரி வித்த யாவாரிக்கு போன் போட்டேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "'அடுத்த தெருவுல நின்னு அடிங்க'ன்னுட்டான். விழாவ நிறுத்துனா ஊரு சிரிக்கும். களவு போச்சுன்னா பாவம்னாச்சும் சொல்லும்."

"அந்தப் பாவத்துக்கு இவன் ஜெயிலுக்குப் போகணுமா?"

சிவரஞ்சனி பொத்தானை அமுக்கினார். ஷட்டர் முழங்கால் உயரம் ஏறுவதற்குள் சங்கத் தலைவர் தவழ்ந்து வெளியேறிவிட்டார். ஜூடி குனிந்து உள்ளே வந்து புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"பொய்ப் புகார்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், ஸ்டேஷனுக்கு வாங்க," என்றார் எஸ்.ஐ.

செம்மல் வாசல் பக்கம் திரும்பினார். "சூசை, நீதான்யா சூதானமானவன். அந்தப் பேட்டரிய ஒரு ஓரமா எடுத்து வையேன்."

வாசல் வரை போய்விட்ட சூசை நின்று, அவர் வலக்கையைக் காட்டினான்.

"வைக்கேன் மொதலாளி. நீங்க முதல்ல அந்த ஆணியக் கீழ வைங்க."