நான்கு விரல் இடைவெளி

கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத அறை. ஒரே மாதிரியான கதவுகளைத் தாண்டித் தாண்டிச் சலித்த பிறகு, நடைபாதையின் கோடியில் இருந்தது. அட்டையைச் செருகியதும் விளக்கு எரிந்தது. குளிர்சாதனம் நீளமாக ஒரு மூச்சு விட்டது. கணவர் பெட்டிகளை உருட்டிக்கொண்டு நுழைந்தார். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் தாவப் போனாள். பின்னாலிருந்து அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இரு. முதல்ல நான் துடைக்கணும்."

"ஆரம்பிச்சாச்சு," என்றார் அவர். "சிட்டு, தள்ளி நில்லு. அம்மா இப்ப கப்பலையே குளிப்பாட்டப் போறாங்க."

சிட்டு சிரித்தாள். நானும் சிரித்தபடியேதான் ரிமோட்டைத் துடைத்தேன், விளக்குப் பொத்தான்களை, தொலைபேசியை, கைப்பிடிகளை. அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தது. அதன் தாழ்ப்பாளையும் துடைத்தேன். அடுத்த அறைக்குப் போகும் கதவாம். அந்த அறையில் யாரும் இல்லையென்று அறையைச் சுத்தம் செய்யும் பையன் சொல்லியிருந்தான்.

கிளம்புவதற்கு முன்பே நிறையப் படித்து வைத்திருந்தேன். கப்பலில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் போதும், பத்துப் பேருக்கு ஒட்டிக்கொள்ளும். சானிடைசருக்கு அந்தக் கிருமி அசையாது. சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பஃபேயில் எல்லோரும் பிடித்த கரண்டியைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது. ஐஸ் வேண்டாம், வெட்டிவைத்த பழம் வேண்டாம், ஆவி பறப்பதை மட்டும் சாப்பிடலாம். லிஃப்ட் பொத்தானை விரல் முட்டியால் அழுத்தலாம். இத்தனையையும் சிட்டுவுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்வித்திருந்தேன்.

அவளுக்கு இது புதிதல்ல. நடக்கக் கற்ற நாளிலிருந்தே, கழுவாத கையோடு அவள் என்னை அணைத்ததில்லை. வெளியே விளையாடிவிட்டு வந்தால் நேரே குழாய்க்குப் போவாள். பிறகு ஈரக் கைகளை என் முகத்துக்கு நேராக விரித்து, "கழுவிட்டேன்மா," என்பாள். நான் உள்ளங்கைகளை முகர்ந்து பார்ப்பேன். சோப்பு வாசனை வந்தால்தான் கையை விரிப்பேன். மற்ற வீடுகளில் கொஞ்சுவார்கள். எங்கள் வீட்டில் நான் முகர்வேன். இதில் என்ன குறை என்று நான் யோசித்ததே இல்லை. என் அன்பு பயத்தின் உருவத்தில்தான் வெளியே வரும். அப்படித்தான் அது என்னிடம் இருக்கிறது.

கரை கண்ணிலிருந்து முழுதாக மறைந்த அன்று வயிறு புரட்டியது. எனக்கு.

கணவருக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. பார்த்த ஐஸ்கிரீமையெல்லாம் சாப்பிட்ட மனிதர் குளியலறை வாசலில் நின்று என் முதுகைத் தடவ வந்தார். கிட்டே வராதீர்கள் என்று கையை ஆட்டினேன்.

"வெளியில சொல்லாதே," என்றார் மெல்ல. "சொன்னா உன்னைப் பூட்டி வெச்சிடுவாங்க. காலையில சரியாயிடும்."

"சிட்டுவுக்கு வந்துட்டா?"

நானே தொலைபேசியை எடுத்தேன்.

முகக்கவசமும் கையுறையுமாக நர்ஸ் வந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன, களைத்த கண்கள். "நல்லவேளை சொன்னீங்க. பாதிப் பேர் மறைச்சிடறாங்க," என்று சொல்லி உப்பு சர்க்கரைத் தூள் பாக்கெட்டுகளைக் கொடுத்தாள். வாந்தி நின்று இரண்டு நாள் ஆகும்வரை நான் தனியாக இருக்க வேண்டும். பக்கத்து அறை இதற்காகவே காலியாக வைத்திருப்பதாம்.

அந்த அறையும் எங்கள் அறை மாதிரியேதான் இருந்தது, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி. ஜன்னல் இல்லை. ப்ளீச்சிங் பவுடர் வாடை மூக்கை அரித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை, வெகுநாள் ஈரமாகவே கிடந்த துணியினுடையது.

நர்ஸ் இடைக்கதவைத் தட்டிக் காட்டினாள். "இது ஒரு கதவு இல்ல, ரெண்டு. உங்க பக்கம் ஒண்ணு, அவங்க பக்கம் ஒண்ணு. நடுவுல நாலு விரல் இடம். ரெண்டு பக்கமும் தாழ்ப்பாளை எடுத்தாத்தான் வழி. நீங்க திறக்காதீங்க."

"நான் ஏன் திறக்கப் போறேன்?"

"குழந்தை கூப்பிடும். மனசு கேக்காது."

"திறக்கறவங்க இருக்காங்களா?"

அவள் கையுறையின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அம்மாக்கள்தான் திறப்பாங்க," என்றாள். வெளிக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஜன்னல் இல்லாத அறையில் பகலும் இல்லை, இரவும் இல்லை. விளக்கைப் போட்டால் கண் கூசியது. அணைத்தால், கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. கப்பல் தன் எலும்புகளை மெல்ல முறித்துக்கொண்டது. சுவருக்குள் எங்கோ தண்ணீர் ஓடி நின்றது. தூங்கினேன், எழுந்து வாந்தியெடுத்தேன், மறுபடி தூங்கினேன். இரும்புப் பெட்டிக்குள் வைத்த சாமான் மாதிரி என்னை யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கதவை யாரோ தட்டினார்கள்.

வெளிக்கதவை அல்ல.

"அம்மா."

எழுந்து உட்கார்ந்தேன். சிட்டுதான். அவள் பக்கத்துக் கதவை எப்படியோ திறந்துவிட்டு, என் கதவில் வாயை வைத்துப் பேசுகிறாள்.

"சிட்டு, போ. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அப்பாகிட்ட போ."

"அம்மா, திற."

"திறக்கக் கூடாதுடி. உனக்கும் ஒட்டிக்கும்."

கதவின் தாழ்வான ஓர் இடத்திலிருந்து,

"கழுவிட்டேன்மா."

கட்டிலை விட்டு எழுந்தேன். சுவரைப் பிடித்தபடி கதவுவரை போய்விட்டேன். கை தாழ்ப்பாளில் இருந்தது. அதன் குளிர்ச்சிதான் என்னை நிறுத்தியது. பனிக்கட்டியைத் தொட்டதுபோல விரல் ஒட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு, கட்டிலருகே போய்த் தொலைபேசியை எடுத்தேன்.

"என்னங்க, அவளைக் கதவுகிட்டருந்து கூட்டிட்டுப் போங்க. திற திறன்னு உயிரை வாங்கறா."

"யாரு?"

"வேற யாரு, உங்க பொண்ணுதான்."

"அவ என் மடியில படுத்துக் கார்ட்டூன் பாக்கறா," என்றார். "எங்க பக்கத்துத் தாழ்ப்பாள் போட்டபடியேதான் இருக்கு. இந்தா, நீயே கேளு. சிட்டு, அம்மாகிட்ட பேசு."

"அம்மா, நான் இன்னிக்கு ரெண்டு தோசை மாதிரி ஒண்ணு சாப்பிட்டேன். தோசை இல்ல, ஆனா அப்படி இருந்துச்சு."

என் காதில் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னாலும் பேசிக்கொண்டிருந்தாள்.

"கழுவிட்டேன்மா. முகர்ந்து பாரு."

தொலைபேசியைக் கதவுப் பக்கம் நீட்டினேன். "கேக்குதா? உங்களுக்குக் கேக்குதா?"

"ஏம்மா, தண்ணி குடிச்சியா நீ?" என்றார் அவர். "காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும். தூங்கு. வேற எதையும் யோசிக்காதே."

கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்து, போர்வையைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நான்கு விரல் இடத்தில் ஒரு குழந்தை நிற்க முடியாது. ஒரு பூனைகூட நிற்க முடியாது. இதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொன்னேன். அது கெஞ்சிற்று, விசும்பிற்று, பிறகு சிட்டு கோபத்தில் செய்வதுபோல மூக்கால் மூச்சை இழுத்தது. நான் பதில் சொல்லவில்லை. என் மகளின் அழுகைக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு எளிதாக வருகிறது என்று அந்த நிலையிலும் தோன்றியது.

பிறகு நின்றுவிட்டது.

அந்த மௌனத்தில் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்தேன். அப்போது தொலைபேசி அடித்தது.

"அம்மா," என்றாள் சிட்டு. "நீ ஃபோன்ல இருக்கியா, கதவுல இருக்கியா?"

தம்ளர் கையிலிருந்து விழுந்து உருண்டது.

"அப்பா எங்க?"

"உனக்கு சூப் வாங்கப் போயிருக்காரு. நீ ஏன்மா ரெண்டு பக்கமும் பேசற?"

"சிட்டு, நான் ஃபோன்ல மட்டும்தான் இருக்கேன். கதவுப் பக்கம் போகாதே."

"ஆனா கதவுல நீதான் இருக்க."

அவள் தொலைபேசியை அந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். எனக்குக் கேட்டது. தூரத்திலிருந்து, மரத்தின் வழியாக, என் குரல். நான் ஒருபோதும் பேசாத விதத்தில்.

"தங்கமே. வாடா. அம்மா எவ்வளவு நேரமா காத்துக்கிட்டு இருக்கேன்."

"கை கழுவிட்டு வரட்டா?" என்றாள் சிட்டு, அதனிடம்.

"வேண்டாம்டா. கழுவவெல்லாம் வேண்டாம். அப்படியே வா."

வெளியே ஓடி அவர்கள் அறையைத் தட்டலாம். ஆனால் வெளிக்கதவு கனமானது. சிட்டுவால் உள்ளிருந்து இழுக்க முடியாது. அவள் கைக்கு எட்டுவது இடைக்கதவின் தாழ்ப்பாள் மட்டும்தான். தொலைபேசியைக் கீழே வைத்தால், அவளுக்கு மிஞ்சுவது அந்தக் குரல் ஒன்றுதான்.

"சிட்டு, அது அம்மா இல்ல. கட்டில்ல ஏறி உக்காரு. சொல்றது காதுல விழுதா இல்லையா? தொடாதே அதை."

"நீ திட்டற."

"திட்டலடி, சொல்றதைக் கேளு."

"அந்த அம்மா திட்டல."

தொலைபேசியைக் கட்டிலில் போட்டுவிட்ட சத்தம் வந்தது. சின்னக் கால்கள் தரைவிரிப்பின் மேல் நடந்தன. அன்பாக ஒரு சொல் சொன்னால் திரும்பி வருவாள். அது தெரிந்தது. வாயைத் திறந்தேன், நாக்கு அந்தச் சொல்லைத் தேடியது. கதவுக்குப் பின்னால் இருந்தது அதை எனக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். என் பக்கத்துத் தாழ்ப்பாளை இழுத்தேன்.

"நான் திறந்துட்டேன்," என்றேன். "அவளை விடு. உள்ள வா."

கதவு என்னை நோக்கித் திறந்தது.

அங்கே ஒன்றும் இல்லை. நான்கு விரல் இருட்டு, அதற்கப்பால் அவர்கள் பக்கத்துக் கதவின் முதுகு. அந்த ஈரத்துணி வாடை முகத்தில் அறைந்தது. இரண்டு கதவுகளின் உட்புறத்திலும் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. என் கதவில் இடுப்புயரத்தில், ஒரு குழந்தை வாய் வைக்கும் இடத்தில். அவர்கள் கதவில் என் உதட்டுக்கு நேராக.

குளிர்ச்சியாக ஏதோ என்னை உரசிக்கொண்டு உள்ளே போனது. அவசரமில்லாமல், வீட்டுக்காரர் நுழைவதைப்போல.

எதிர்க் கதவின் தாழ்ப்பாள் விலகியது. சிட்டு நின்றாள், தலை கலைந்து, கண் நிறைய என்னைப் பார்த்துக்கொண்டு. எங்களுக்கு நடுவே எதுவும் இல்லை. இரண்டு கைகளையும் விரித்து ஓரடி எடுத்து வைத்தாள்.

"கிட்ட வராதே," என்று அலறினேன்.

அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். கதவில் முதுகைச் சாய்த்து, அறையைப் பார்த்து நின்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டிலின் மேல் விரிப்பு, யாரோ உட்கார்ந்ததுபோல மெல்ல அமிழ்ந்தது.

மிச்ச நேரமெல்லாம் நான் குளியலறைத் தரையில் கழித்தேன். அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் முனகும்போதெல்லாம் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

நர்ஸ் வந்து திறந்தபோது முதலில் இடைக்கதவைத்தான் பார்த்தாள். பிறகு என்னை. "திறந்தீங்களா?" என்றாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவள் என் கண்களைப் பார்த்தாள். பிறகு வழக்கத்தைவிடத் தள்ளி நின்று, "கப்பலை விட்டு இறங்கறப்ப கொஞ்சம் கடைசியா இறங்குங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கணவர் எல்லோரிடமும் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்: கப்பலையே கழுவினாள், கடைசியில் படுத்தது அவள்தான் என்று. நானும் சிரிக்கிறேன். சிட்டு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கூப்பிட்டால் வருகிறாள், கேட்டால் சொல்கிறாள்.

இன்று காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முடி. கிளிப்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தேன். அவர் அலுவலகம் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"அம்மா."

"ம்."

"அன்னிக்குக் கதவுக்குப் பின்னாடி இருந்து பேசினியே. அந்த மாதிரி ஒரு தடவை பேசேன்."

என் விரல்கள் நின்றுவிட்டன. என்ன சொல்வது? அது நான் இல்லை என்றா? அவளை அப்படிக் கூப்பிட்டவள் இந்த உலகத்தில் இல்லை என்றா? வேண்டாம். இப்போது நானே அப்படிக் கூப்பிட்டுவிடலாம். ஒரே ஒரு சொல், கஷ்டமில்லை. கிளிப்பை எடுப்பதற்காக ஒரு கையை விடுவித்தேன்.

"தங்கமே," என்றது என் குரல்.

படுக்கையறையிலிருந்து வந்தது.

கிளிப் இன்னும் என் பல்லில்தான் இருந்தது.

சிட்டுவின் தோள்கள் லேசாகின. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கி, அந்த அறையை நோக்கி நடந்தாள். பாதிப் பின்னல், ஒவ்வோர் இழையாக, என் விரல்களிலிருந்து நழுவிப் போனது.