ஆழ்துளைக்குள் ஒரு மிடறு

உச்சி வெயிலில் பெரியவர் மோட்டார் அறைக்கு வந்து சேர்ந்தார். எட்டு ஊர் நிலத்தையும் வாங்கிப் போட்ட பணக்காரரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவர் ஆழ்துளை போட்ட இந்த இடமும் முன்பு பெரியவரின் வயல்தான். வீட்டுக் கிணறு வற்றி மூன்று நாளாகிறது. யாரிடமும் எதையும் கேட்டறியாத மனிதர், சலவைச் சட்டையோடு கேட்க வந்திருந்தார்.

"வாங்கய்யா. ஸ்டூல்தான் இருக்கு, உங்க கௌரவத்துக்குப் பத்தாது" என்றான் மோட்டார்க்காரன்.

"ஒரே ஒரு நாள் மோட்டார நிறுத்துப்பா. எங்க கிணத்துல ஊறட்டும்."

"பட்டன் என் கையிலயா இருக்கு? எந்த தேசத்துல இருந்தோ போன்ல போடுறாங்க. நான் தூசி தட்டத்தான்."

பெரியவர் குழாயையே பார்த்தார். "இதுக்கு அடியில என் தம்பியப் புதைச்சோம்."

மோட்டார்க்காரன் துள்ளி எழுந்தான். "விக்கும்போதே சொல்லியிருந்தா பத்தடி தள்ளித் தோண்டியிருப்பாங்களே!"

"வித்த மண்ணுல சலுகை கேக்குற குடும்பம் இல்ல எங்களுது."

மின்சாரம் போனது.

அறை அடங்கியது. ஈர மண் வாடை எழுந்தது. குழாயின் ஆழத்தில் யாரோ விழுங்கினார்கள்.

மடக்.

மடக்.

"மோட்டார் நின்னா இப்படித்தான்" என்று மோட்டார்க்காரன் கிசுகிசுத்தான். "முதல்ல தோண்டினப்ப முன்னூறு அடியில கேட்டுச்சு. இப்ப ஆயிரத்துல கேக்குது."

பெரியவர் முழங்காலிட்டார். வாழ்நாளில் முதல் முறை. குழாயில் வாய் வைத்தார். "தம்பி, போதும்டா. பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் விடு."

சத்தம் நின்றது.

வெகு ஆழத்திலிருந்து, காய்ந்த தொண்டையில், அவருக்குப் பழக்கமான குரல் வந்தது.

"நான் குடிக்கலண்ணே."

பிறகு மீண்டும் விழுங்கும் ஓசை. இம்முறை குழாயில் அல்ல. அறைக்கு அடியில், வரப்புகளுக்கு அடியில், எட்டு ஊருக்கும் அடியில்.

மோட்டார்க்காரன் சாவியைப் போட்டுவிட்டு ஓடினான். பெரியவருக்கு ஓடவும் வலுவில்லை. நிலத்தை எழுதிக் கொடுத்த கை தன்னுடையது. யாரிடம் போய் நியாயம் கேட்பது? தடியை ஊன்றி வீடு வந்து சேர்ந்தார்.

வாசலில் மருமகள் மூன்று மைல் நடந்து சுமந்து வந்த குடத்தை இறக்கிவைத்தாள். "குடிங்க மாமா, முகமே வெளுத்திருக்கு."

டம்ளரை எடுக்க அவள் திரும்பினாள். குடத்து நீர் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு விரற்கடை. அலையில்லை, ஓசையில்லை.

டம்ளரோடு வந்தவள், நீர் குறைந்திருப்பதைக் கண்டு குடத்தைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"ஓட்டை ஒண்ணும் இல்லையே, மாமா."