நாற்பத்தொரு பேருக்கு ஒரே முகவரி

போர்வீரர் குடும்பச் சங்கத்திலிருந்து அக்கா வீடு திரும்பியபோது மண்டையைப் பிளக்கும் வெயில். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே போரில் இறந்த நாற்பத்தொரு பேரின் புகைப்படங்களும் விவரத் தாள்களும். ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறவளுக்கு இணையத்தில் ஒரு நினைவுத்தளம் செய்வதா கஷ்டம் என்று சங்கத் தலைவர் அந்த வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார். ஆளுக்கொரு பக்கம். படம், படைப்பிரிவு, இறந்த தேதி, கூட இருந்தவர்கள் கடிதம் போட வீட்டு முகவரி.

அவள் தலையாட்டியதற்குக் காரணம் தம்பி. போர்முனையில் காணாமல் போய் ஏழு வருடம். இறந்ததாகவே கொள்ளலாம் என்று கடிதமும் வந்துவிட்டது. அம்மாதான் அதை வீட்டுக்குள் வைக்கவோ அவன் படத்தை மாட்டவோ விடவில்லை.

“உயிரோட இருக்கறவனுக்கு எதுக்குடி படம் மாட்டணும்?”

அதனால் அம்மாவுக்குத் தெரியாமல்தான் தம்பியின் பக்கத்தை முதலில் செய்தாள். வெளியிடவில்லை. அதையே மாதிரியாக வைத்து, நகல் எடுத்து நகல் எடுத்து மற்றவர்களின் படமும் பெயரும் தேதியும் மாற்றினாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவள் பதறித்தான் செய்தாள். புதன்கிழமை காலை தளம் திறந்தது.

அன்று மதியம் மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

அம்மா போய்த் திறந்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு மெல்லச் சாத்தினாள்.

“யாரும்மா?”

“யாரோ பெத்த புள்ள. நம்ம புள்ள இல்ல.”

அக்கா எட்டிப் பார்த்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. வாசற்படியில் மட்டும் இரண்டு பூட்ஸ் தடங்கள், சேறு காயாமல், வீட்டைப் பார்த்தபடி. கருகிய துணியின் நாற்றம்.

கால் மணி நேரத்தில் மறுபடி தட்டல்.

மறுபடி.

வெள்ளிக்கிழமைக்குள் பூட்ஸ் தடங்களால் வாசலில் கால் வைக்க இடமில்லை. ஒருவரும் படி தாண்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருமினார்கள். ஒவ்வொரு குரலாக, தணிந்து, “அம்மா” என்றார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இது உங்க வீடு இல்லப்பா. உங்கம்மா தேடுவா, போங்க.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

சனிக்கிழமை ஒரு அப்பா தொலைபேசியில் அழைத்தார். “எல்லாம் நல்லா செஞ்சிருக்கம்மா. ஆனா என் மகன் பக்கத்துல உன் வீட்டு விலாசம் இருக்கே?”

அக்கா ஓடிப் போய்த் தளத்தைத் திறந்து பார்த்தாள். நாற்பத்தொரு பக்கத்திலும் அவள் வீட்டு முகவரிதான். நகல் எடுத்தவள் அந்த ஒரு வரியை மாற்ற மறந்திருந்தாள். இத்தனை நாள் போக்கிடம் தெரியாமல் அலைந்தவர்களுக்கு ஒரு வாசல் கிடைத்திருக்கிறது, அதுவும் தப்பான வாசல்.

ஒவ்வொன்றாகத் திருத்தினாள். ஒரு முகவரி மாறியதும் வாசலில் ஒரு பூட்ஸ் காலடியோசை எழுந்து படியிறங்கிப் போனது. கடைசிக் காலடி தெருமுனையில் ஓய்ந்தபோது மேசையில் தலை வைத்து அழுதாள். எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும்.

ஞாயிறு மதியம் அம்மா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

“செத்தவங்க அத்தன பேரும் வந்து நின்னாங்க. இவன் மட்டும் வரல. உனக்குப் புரியுதாடி?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

அம்மா கொஞ்சம் கண்ணயர உள்ளே போனதும் சங்கத் தலைவர் கூப்பிட்டார். “தம்பிய மட்டும் விட்டுட்டியேம்மா. பட்டியல்ல நாற்பத்திரெண்டாவதா அவன் பேர் இருக்கே.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காத்திருந்தது அம்மா மட்டுமா? வராவிட்டால் அம்மா சொன்னது சரி. உயிரோடு எங்கேயோ இருக்கிறான். அது போதும், இனி நிம்மதியாகத் தூங்கலாம். வந்துவிட்டால்?

வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பத்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு தட்டப்படவில்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொல்ல எழுந்து நடந்தாள்.

காலில் சில்லென்று பட்டது.

தண்ணீர்.

மூடிய கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து, கூடத்தின் குறுக்கே, வெறுங்கால் தடங்கள். மற்றவர்கள் வேற்று வாசலில் நின்றவர்கள். தன் வீட்டுக்குள் வர யார் கதவைத் தட்டுவார்கள்? கூடம் முழுக்க ஆற்றுப் பாசியின் வாடை. அவன் எங்கே போனான் என்று யாராலும் சொல்ல முடியாதது அவளுக்கு அந்த வாடையிலேயே தெரிந்துவிட்டது.

தடங்கள் தம்பியின் அறைக்குள் போயின.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரல் வைத்தாள்.

“சத்தம் போடாத. இப்பதான் கண்ணசந்தான்.”

கட்டிலில் யாரும் இல்லை. தலையணை மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது. அந்தக் குழியிலிருந்து ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

“அம்மா... என்னை மன்னிச்சிரும்மா.”

“தலையத் துவட்டாமயே படுத்துட்டான் பாரு. ஒரு துண்டு எடுத்துட்டு வா.”

எடுத்து வந்து கொடுத்தாள். வேறு என்ன செய்ய முடியும்? அம்மா தலையணைக்கு மேலே, வெற்றிடத்தில், தூக்கம் கலையாதபடி மெதுவாகத் துவட்டினாள். காய்ந்த துண்டு கண்ணெதிரே நனைந்து கனத்தது. பிழிந்துவிட்டு மறுபடி துவட்டினாள். ஈரம் குறையவே இல்லை.