பறவை பிடித்தவரின் பாதை

பழைய பீரோவைத் திறந்தாற்போல் பாச்சை உருண்டை வாடை அடித்தது. நடுக்காட்டில்.

முற்காலத்தில் ஒரு பறவை ஆராய்ச்சியாளர் நடந்த வழியைச் சுற்றுலாப் பாதையாக்கியிருந்தார்கள். மறுநாள் முதல் கூட்டம் வருகிறது. வழிகாட்டியாகச் சேர்ந்திருந்தவள், கடைசிப் பலகையை நட அண்ணனைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். மழை விட்டும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்த மத்தியானம். மரங்களுக்கிடையே மூடுபனி ஈரத்துணிபோல் தொங்க, அண்ணனின் கடப்பாரை வேரில் மோதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏதோ வாடை வரலையாண்ணா?"

"என் வேர்வைதான் பாப்பா. குருவி பிடிக்க இவ்ளோ தூரமா வந்தான் அந்த மனுசன்? நம்ம மொட்டை மாடிக்கு வந்திருந்தா புறாவா அள்ளிட்டுப் போயிருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டு, குடலை எடுத்து, பஞ்சடைத்துப் பாடம் செய்து, பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் அடுக்கியவர். பலகையில் 'பறவைகளின் காதலர்' என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான்.

அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கிளை கொள்ளாமல் பறவைகள். எல்லாம் அவளையே பார்த்தபடி, இறகுகூட அசையாமல். கைக்கெட்டும் கிளையில் இருந்த ஒன்றை உற்றுப் பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சு.

கடப்பாரைச் சத்தம் நின்றிருந்தது.

திரும்பினாள். பாதி தோண்டிய குழி. அதில் குத்திட்டு நிற்கும் கடப்பாரை. அண்ணன் இல்லை.

"அண்ணா?"

"இங்க இருக்கேன். வா."

அண்ணன் குரல்தான். ஆனால் அவன் அவளை 'பாப்பா' சேர்க்காமல் வெறுமனே 'வா' என்று கூப்பிட்டதே கிடையாது. தப்பித்து ஓடச் சொன்னது மனசு. அவனை விட்டுவிட்டா? புதரை விலக்கிக்கொண்டு போனாள்.

மல்லாந்து கிடந்தான். கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. கால்கள் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டியிருந்தது. நெஞ்சிலிருந்து தொப்புள்வரை பொடித் தையல். கண்களில் பஞ்சு.

பக்கத்தில் சருகைக் கூட்டித் தள்ளி ஓர் இடம் ஒழித்திருந்தது.

அவள் நீளத்துக்கு.

கத்த வாய் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை, கலைந்த இறகைச் சீராக்குவதுபோல், நிதானமாக, அவள் கூந்தலைக் கோதிவிட்டது.