பெர்சிஸின் ஒப்புநாள்

தோசைக்கல்லில் மாவை ஊற்றும்போதுதான் பெர்சிஸ் அழைத்தாள்.

“சாப்பிட்டியாம்மா? உன்கிட்ட பேசாம எனக்கு ஒரு நாளும் விடியறதே இல்ல.”

ஜெபசீலி அடுப்பைக் குறைத்துவிட்டு, “இனிமேத்தான் சாப்பிடணும். நீ கெளம்பிட்டியா?” என்றாள்.

பெற்ற மகள் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் எந்தத் தாய்க்கும் மனம் குளிரும். ஜெபசீலிக்குக் குளிரவில்லை. அதே வாக்கியத்தை, அதே குரலில், ‘விடியறதே’யில் வரும் அதே சின்ன இழுப்போடு, அவள் முதன்முதலில் கேட்டது இருபத்துநான்கு வருடங்களுக்கு முன்னால். அப்போது பெர்சிஸுக்கு ஆறு வயது. கடைத் தரையில் சம்மணம் போட்டு மக்ரூன் தின்றுகொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் அப்போதே பள்ளிக்கூடங்கள் மூடி, கட்டடங்கள் எல்லாம் கல்யாண மண்டபங்களாகியிருந்தன. பிள்ளைகள் வீட்டிலேயே படித்தார்கள். கணக்கும் அறிவியலும் பாடம் சொல்லும் எந்தப் பெட்டியை வாங்கி வைத்தாலும் வந்துவிடும். இலக்கணம் அப்படியில்லை. எந்த வேலைக்குப் போனாலும் முதலில் ஆளின் பேச்சைத்தான் அளந்தார்கள். அந்த அளவுக்குச் சொல்மதிப்பு என்று பெயர். அதனால் பிள்ளைக்கு இலக்கணப் பாடத்திட்டம் பார்க்கப் போவதென்றால் சாதாரணக் காரியமில்லை. ஜெபம் பண்ணிவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு போனார்கள்.

பார்க்க என்ன, கேட்கத்தான் போனார்கள். கடையில் முன்குரலி என்றொரு இயந்திரம் இருந்தது. குழந்தையை ஐந்து நிமிடம் இஷ்டத்துக்குப் பேசவிட்டு, அதை மூலப்பதிவாக எடுத்துக்கொள்ளும். இன்ன பாடத்திட்டத்தில் படித்தால் இந்தப் பிள்ளை முப்பது வயதில் எப்படிப் பேசும் என்று பேசிக்காட்டும். பெற்றவர்கள் ஆளுக்கொரு காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குரலிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றுதான் விதி. ஆனால் ஊர் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டது: “அம்மாவ நெனப்பிருக்கா?”

ஜெபசீலியும் அதைத்தான் கேட்டாள். முதலில் ‘செந்நடை’ பாடத்திட்டம். “தங்களை எவ்வாறு மறக்க இயலும், அம்மா?” என்றது குரல். “ஏ ஜெபா, இது நம்ம பிள்ளையா, கவர்னரம்மாவா?” என்றான் அவள் கணவன் ஞானதுரை. அடுத்தது ‘விரைமொழி’. “இருக்கும்மா. வேற ஏதாவது உண்டா? எனக்கு மீட்டிங் இருக்கு.” ஜெபசீலி காதுக்கருவியைக் கழற்றிவிட்டாள். அவர்கள் தெருவில் வளர்ந்த பிள்ளைகள் நார்வேயிலும் நியூசிலாந்திலும் இருந்துகொண்டு, வாரத்துக்கு ஒருமுறை இப்படித்தான் இரண்டு வார்த்தை பேசினார்கள். அந்த வீடுகளில் அம்மாக்கள் கைபேசியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அப்படி ஒருநாள் தானும் உட்கார வேண்டிவருமோ என்கிற பயம் அவளுக்குப் பிள்ளை பிறந்த அன்றே வந்துவிட்டது.

மூன்றாவதாக ‘இன்சொல்’ பாடத்திட்டம். “சாப்பிட்டியாம்மா? உன்கிட்ட பேசாம எனக்கு ஒரு நாளும் விடியறதே இல்ல.”

கடையிலேயே அழுதுவிட்டாள். “இதான். இதையே எடுத்துருவோம்.”

“இப்ப பேசுத பேச்சுக்கு என்ன கொறச்சல்?” என்றான் ஞானதுரை. குறைச்சல் என்று அவனைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை. அலை ஒதுங்கியிருந்தால் பெர்சிஸ், “கடல் கொட்டாவி விடுது” என்பாள். “நாளைக்கு பீச்சுக்குப் போனோம்லா, அப்ப நண்டு எனக்கு டாட்டா காட்டிச்சு” என்பாள். நாளைக்கு எப்படிப் போயிருக்க முடியும் என்று கேட்டால் விடமாட்டாள், மல்லுக்கு நிற்பாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வருகிறவன், அந்த மல்லுக்கட்டைக் கேட்பதற்காகவே வாயைக் கிளறுவான். என்ன அருமையான நாட்கள்! அருமை என்று அப்போது யாருக்குத் தெரிந்தது?

பாடத்திட்டத்தோடு ஒப்புநோக்கி என்று உள்ளங்கையளவு பெட்டி ஒன்று வந்தது. பிள்ளை பேசுகிற வாக்கியம் அந்த முப்பது வயதுக் குரலை நோக்கிப் போனால் பச்சை விளக்கு, விலகினால் சிவப்பு. கூடவே பெற்றோருக்கான கையேடு. அதில் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ‘பிழையைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் பிழை ஊன்றிவிடும்.’

தினமும் நாலு மணிக்குப் பாடம். ஜெபசீலி சும்மா சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்துச் செய்தாள். முதல் மாதம் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கடிக்கத் தேவைப்படவில்லை.

ஒருநாள் பாடத்தின் நடுவில் மழை கொட்டி ஓய்ந்தது. பெர்சிஸ் ஜன்னலை எட்டிப் பார்த்து, “மழை அவங்க வீட்டுக்குப் போயிட்டும்மா” என்றாள். சிவப்பு.

“மழை நின்னுருச்சு. சொல்லு.”

“மழை நின்னுருச்சு.” பச்சை. பிள்ளை எதையோ எதிர்பார்ப்பதுபோல் அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு புத்தகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு மழை யார் வீட்டுக்கும் போகவில்லை. கடலும் கொட்டாவி விடவில்லை. பெர்சிஸ் வளர்ந்தாள், சொல்மதிப்பில் முதலாக வந்தாள், மதுரையில் பெரிய வேலை. சொன்ன சொல் தவறாமல் தினமும் காலையில் அழைத்தாள். ஜெபசீலியின் மனதில்தான் சில வருடங்களாக வேறொரு ஏக்கம். பழைய பெர்சிஸின் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள், வராது. சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது, சொன்ன குரல் மட்டும் போய்விட்டது. அதைப் பதிந்து வைத்திருந்த அந்தக் காலத்துக் கைபேசி ஒரு ஐப்பசி வெள்ளத்தில் போயிற்று. மிஞ்சியிருப்பது கடையிலுள்ள மூலப்பதிவு ஒன்றுதான்.

அதுவும் இன்றோடு சரி. முப்பது வயது முடிந்ததும் ஒப்புநாள் என்று வைத்து, வளர்ந்த குரலை முன்குரலோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். அன்றைக்கே மூலப்பதிவை ஒருமுறை போட்டுக்காட்டிவிட்டு அழித்துவிடுவார்கள். குரலுக்கு உரியவர் கையெழுத்துப் போட்டால் மட்டுமே வைத்துக்கொள்ளலாம்.

“நீங்களும் வாங்களேன்” என்று ஞானதுரையைக் கூப்பிட்டாள். “எனக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்டு? நீ போயிட்டு வா” என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டான்.

கடை வாசலில் பெர்சிஸ் காத்திருந்தாள். அதே கடற்கரைச் சாலை, அதே உப்புக்காற்று. உள்ளே கடைப்பெண் ஒப்புநோக்கியை மேசைமேல் வைத்து, “அந்தப் பழைய கேள்வியக் கேளுங்க ஆன்ட்டி” என்றாள்.

“அம்மாவ நெனப்பிருக்கா?”

பெர்சிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பச்சை. “தொண்ணூத்தொம்பது! எங்க கடையில இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல” என்று கடைப்பெண் கைதட்டினாள்.

“எல்லாம் அம்மா பட்ட பாடு” என்றாள் பெர்சிஸ். பச்சை.

“அந்தப் பழசு இருக்காம்மா?” என்று ஜெபசீலி கடைப்பெண்ணிடம் கேட்டாள். பிறகு பெர்சிஸ் பக்கம் திரும்பினாள். “அதக் கேக்கத்தான் வந்தேன். பாப்பா, அத அழிக்க விட்டுராத. கையெழுத்துப் போட்டுரு.”

“கேட்டுட்டுப் போடறேம்மா” என்றாள் பெர்சிஸ்.

முதலில் மின்விசிறிச் சத்தம். மக்ரூன் பொட்டலம் சரசரக்கும் சத்தம். பிறகு வந்தது அந்தக் குரல். நாளைக்குப் பீச்சுக்குப் போனது, நண்டு டாட்டா காட்டியது, வீட்டுக்கு வரும்போது அந்த நண்டு தன் அம்மாவைத் தேடி அழுதது எல்லாவற்றையும் வாயில் மக்ரூனோடு சொல்லிக்கொண்டே போனது. கூடவே, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிரிப்பு. அடக்க முடியாமல், மூச்சு முட்டி, நிறுத்தப் பார்த்து, மறுபடி பீறிட்டு வருகிற சிரிப்பு. அது சிரிக்கச் சிரிக்கப் பிள்ளை இன்னும் குஷியாகப் பேசியது.

ஜெபசீலி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையின் குரலைக் கேட்கத்தான் அவள் வந்தாள். தன்னுடைய அந்தச் சிரிப்பும் அங்கே இருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

பதிவு முடிந்தது. பெர்சிஸ் பேனாவைக் கையில் எடுத்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“எவ்வளவு அழகா பேசியிருக்கேன், இல்லம்மா?” என்றாள். பிறகு புருவத்தைச் சுருக்கி, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்:

“ஆமா, யாரும்மா அது, பின்னாடி அப்படிச் சிரிக்கிறது?”

மேசைமேல் பச்சை விளக்கு எரிந்தது.