கட்டுக்குள் செம்மண்

நாய் ஆடுகிறது என்றுதான் எவாரிஸ்தோ நினைத்தார். நடைபாதை ஓடுகளில் ஒரு காலை வைப்பதும் வெடுக்கென்று எடுப்பதும், மறுகாலை வைப்பதும் எடுப்பதுமாக சிப்பா துள்ளியதைப் பார்த்து, அதற்குத் தோதாக ஒரு சமாமே மெட்டை விசிலடிக்கவும் செய்தார். ஜனவரி மாதம், அங்கே கொளுத்தும் கோடை, மதியம் இரண்டரை மணி, ஊரே தூங்கும் சியெஸ்தா நேரம். அந்த வேளையில் போசாதாஸில் கதவைத் திறந்து வெளியே வருபவன் ஒன்று திருடனாக இருக்கவேண்டும், இல்லை கிறுக்கனாக இருக்கவேண்டும். திருடுகிற சாமர்த்தியம் தனக்கு இல்லை என்பது எவாரிஸ்தோவுக்கே தெரியும். காலில் தடித்த ரப்பர் செருப்பு இருந்ததால் ஓடு கொதிப்பது அவருக்குத் தெரியவில்லை. நாய்க்குச் செருப்பு கிடையாது என்பது மண்டையில் ஏற ஒரு தெரு நீளம் ஆயிற்று. அதற்குள் சிப்பா வாரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடைப்பக்கம் ஓடிவிட்டது.

காலை ஆறு மணிக்கே நடத்தியிருக்க வேண்டிய நாய். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று புவனோஸ் அயர்ஸுக்குப் பஸ் ஏறுமுன் மனைவி நெலிதா குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போயிருந்தாள். ஆறு மணிக்கு நடை. வந்ததும் நாலு பாதமும் கழுவ வேண்டும். விரலிடுக்கில் ஈரம் நிற்கக்கூடாது. முள் பார்க்க வேண்டும். கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு: செம்மண் காலோடு யாரும் என் வீட்டுக்குள் வரக்கூடாது, நாயும் சரி, புருஷனும் சரி. ஆனால் முப்பத்தொரு வருஷம் விடியலில் பஸ் ஓட்டிய மனிதர், ஓய்வுபெற்றபின் ஆறு மணியை ஜென்ம விரோதியாகவே பாவித்துவந்தார்.

"சிப்பா! சிப்பா!" என்று ஓடைக்கரை முழுக்கக் கத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அலைந்தார். சிப்பா என்பது அந்த ஊரில் எல்லோரும் தின்னும் சீஸ் ரொட்டி. நாயின் நிறமும் அதுதான், பெயரும் அதனால்தான். மூடிய ஜன்னல் ஒன்றுக்குப் பின்னாலிருந்து தூக்கக் குரல் ஒன்று, "ஏய், தூங்கற நேரத்துல எவன்டா ரொட்டி விக்கிறது? சூடாவாவது இருக்கா?" என்று கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் எவாரிஸ்தோ சிரித்திருப்பார்.

அந்தி மங்குகையில் வீட்டின் பின்கட்டில், சலவைத் தொட்டிக்கு அடியில், எதுவோ சுரண்டும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தார். இருட்டில், ஈரமாக, காது நுனிவரை சேறாக, நாய். அழுதார் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது என்பார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு கசில்டா வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல் வேலை செய்யும் விதவை. ஒரு பேச்சுக்குப் பத்துப் பேச்சு பேசுகிறவள், அன்றைக்குச் சொல்ல வந்ததை மென்றுகொண்டிருந்தாள்.

"தோன் எவாரிஸ்தோ, உங்ககிட்ட ஒரு விஷயம்… சிப்பாவைப் பத்தி…"

"வந்துடுச்சு, தோன்யா கசில்டா! பின்கட்டுல படுத்திருக்கு!"

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்கறேன். கால்தான் வெந்துபோச்சு. நெலிதாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா என் தோலை உரிச்சு வாசல்ல கால்துடைக்கப் போட்டுடுவா."

கசில்டா சிரிக்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவர் ஒரு தாதியாகவே மாறினார். நெலிதா சனிக்கிழமை காலை வந்து இறங்குவாள், ஐந்து நாள் இருக்கிறது, அதற்குள் நாலு பாதமும் ஆறிவிட வேண்டும். இது ஒன்றுதான் அவருக்கு நினைப்பு. வெதுவெதுப்பான தண்ணீரை அலுமினியத் தாம்பாளத்தில் ஊற்றி, குழந்தைச் சோப்பைக் கரைத்து, சலவைத் தொட்டியின் நிழலுக்குள் அதைத் தள்ளி வைத்து, முழங்கால் போட்டுக் குனிந்துகொள்வார். சிப்பாவுக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை, அதனால் அது வெளியே வருவதில்லை. காலை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டும். அவர் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பஞ்சால் துடைத்து, துவாலையால் ஒற்றி, மருந்துக்கடையில் வாங்கிய மஞ்சள் களிம்பைத் தடவி, வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டு, முடிச்சை நெலிதாவின் தலைமயிர் ரிப்பனால் இறுக்கினார். பஸ்ஸின் கியர் தடியைத் தவிர வேறெதையும் அவ்வளவு பிரியமாக அவர் பிடித்ததில்லை.

இரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது உள்ளே செம்மண் இருந்தது.

கட்டின் வெளிப்புறம் வெள்ளைவெளேர் என்றிருந்தது. ரிப்பன் அவர் போட்ட முடிச்சிலேயே இருந்தது. பின்கட்டோ முழுக்க சிமெண்ட், மண் என்பதே இல்லை. ஆனால் துணியின் கடைசிச் சுற்றைப் பிரித்ததும், ஈரம் காயாத சிவந்த மண் பொலபொலவென்று தாம்பாளத்தில் விழுந்து, தண்ணீர் மாட்டிறைச்சி கழுவிய தண்ணீர்போல் ஆயிற்று. ஓடைச்சேற்றின் நாற்றமல்ல அது. அப்போதுதான் தோண்டிய குழியின், வேர் அறுபட்ட பச்சை வாசனை.

நேற்று சரியாகக் கழுவவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவினார்.

மூன்றாம் நாளும் இருந்தது. கூடுதலாக இருந்தது.

சாயங்காலம் கசில்டா வாசலில் தனியாக தெரெரே உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பனிக்கட்டி போட்ட மூலிகைத் தண்ணீர். எவாரிஸ்தோவைக் கண்டால் முதல் குவளையை அவருக்கு நீட்டுவதுதான் வழக்கம். அன்று நீட்டவில்லை.

"தோன்யா கசில்டா, நான் தூங்கறப்ப யாராவது என் நாயை வெளியே கூட்டிட்டுப் போறாங்களா? நீங்க துணி காயப்போட மாடிக்குப் போவீங்கல்ல, அங்கிருந்து பார்த்தா பின்கட்டு தெரியுமே?"

"இந்த வெயில்ல மாடிக்கு எவ போவா?"

"நேத்துத் துணி காஞ்சுதே."

"உங்க வீட்டுல உப்பு இருக்கா, தோன் எவாரிஸ்தோ?"

"உப்பா? எதுக்கு?"

"சும்மா கேட்டேன். மழை வரும்போல இருக்கு" என்று நாற்காலியை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

சிப்பா சாப்பிடவில்லை. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் ஈரலும் கிண்ணத்தில் அப்படியே கிடந்து புளித்தன. ஈக்கள்கூடக் கிண்ணத்தோடு நின்றன, தொட்டிக்கு அடியில் போகவில்லை. ஆனால் பாதங்கள் ஆறிக்கொண்டிருந்தன, அது உண்மை. உரிந்த தோலுக்கு அடியில் புதுத் தோல் வந்துகொண்டிருந்தது. நாயின் பாதத்தில் கறுப்பாக, சொரசொரப்பாகத் தனித்தனி மெத்தைகள் இருக்குமே, அவை ஒன்றோடொன்று கூடிவிட்டதுபோல், வழவழப்பாக, வெளிறிய ரோஜா நிறத்தில். வீக்கம் என்று நினைத்துக்கொண்டார். வீக்கத்தால்தான் பாதம் கையில் நீளமாகத் தட்டுப்படுகிறது. வீக்கத்தால்தான் கனக்கிறது. கழுவக் கழுவ அவருக்கு ஒரு மயக்கம்போல் வரும், கண் செருகும். எத்தனை பாதம் கழுவினோம் என்பது எழுந்தபின் நினைவுக்கு வராது. வயசாச்சு, என்பார்.

வியாழக்கிழமை நெலிதா ஃபோன் செய்தாள்.

"கிழவா, நாளைக்குச் சாயங்காலம் பஸ் ஏறுறேன். பிள்ளை எப்படி இருக்கான்?"

"யாரு, நானா?"

"உன்னை யாரு கேட்டா? சிப்பா! தினம் காலைல நடக்கறானா? காலைக் கழுவறியா?"

"கழுவறேன்டி கிழவி. என் காலைக்கூட இப்படிக் கழுவினதில்ல." அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பதில் அவருக்குச் சற்று நிம்மதி.

"ஃபோனை அவன் காதுகிட்ட வையி. ரெண்டு வார்த்தை பேசறேன்."

எப்போதும் செய்வதுதான். அவள் குரலைக் கேட்டால் சிப்பா வாலால் தரையை அடித்துக்கொண்டு முனகும். எவாரிஸ்தோ முழங்கால் போட்டு, கையை நீட்டி, ஃபோனைத் தொட்டியின் இருட்டுக்குள் பிடித்தார். வால் அடிக்கும் சத்தம் இல்லை. முனகல் இல்லை. அவள் கொஞ்சுவது மட்டும் கொசுவின் ரீங்காரம்போல் கேட்டது. சட்டென்று அதுவும் நின்றது. ஃபோனைத் திரும்பத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"எவாரிஸ்தோ." அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷங்கள் ஆகின்றன. "பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லியே."

"என் பேரைச் சொன்னது யாரு?"

"டிவியா இருக்கும்" என்றார். டிவி நெலிதா போன நாளிலிருந்தே ரிப்பேர்.

அன்று இரவு படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்தார். தன் வீட்டில், தன் நாய்க்குப் பயந்து. இதை யாரிடமாவது சொன்னால் பஸ் டிப்போ முழுக்க ஒரு வருஷம் சிரிக்கும் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். வாய்தான் கோணியது.

வெள்ளிக்கிழமை. சியெஸ்தா. நெலிதா பஸ் ஏற இன்னும் நான்கு மணி நேரம். கடைசிக் கட்டு, இன்றோடு சரி. அடுப்படியில் தண்ணீர் சுடவைத்து எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தவர் படியிலேயே நின்றார்.

தாம்பாளம் ஏற்கெனவே தயாராக இருந்தது. தண்ணீர் ஊற்றி, சோப்பு கரைத்து. பக்கத்தில் துவாலை, நாலாக மடித்து. அதற்குப் பக்கத்தில், அவர் முழங்கால் வைக்க வசதியாக, படுக்கையறைத் தலையணை. இரவு முழுக்க அவர் தலைக்கடியில் இருந்த தலையணை.

தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு பாதம் நீண்டு வந்தது. கட்டு இல்லை. காத்திருந்தது.

அவர் வெந்நீரை அப்படியே கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

தெரு வெளுத்துக் கிடந்தது. ஒரு இலை அசையவில்லை. அந்த வெயிலில், கம்பிக்கதவுக்கு அந்தப்பக்கம், தலையில் துணிகூடப் போடாமல் கசில்டா நின்றிருந்தாள். வெகு நேரமாக நின்றிருப்பவள்போல் முகம் கன்றியிருந்தது.

"தோன்யா கசில்டா. நேரா பதில் சொல்லுங்க. உப்பு, மழைன்னு ஆரம்பிக்காதீங்க. என் நாயை யாரு வெளியே கூட்டிட்டுப் போறா?"

"யாரும் இல்ல."

"அப்ப மண்ணு எங்கிருந்து வருது?"

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அஞ்சு மணிக்கு ஓடைக்கரையில சிப்பா செத்துக் கிடந்துச்சு, தோன் எவாரிஸ்தோ. வெயில் தாங்கல. நான்தான் குழி தோண்டிப் புதைச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க வந்துடுச்சு, வந்துடுச்சுன்னு குதிச்சீங்க. எப்படிச் சொல்லுவேன்? நேத்துப் போய்த் தோண்டியும் பாத்துட்டேன். அங்கேயேதான் இருக்கு."

எவாரிஸ்தோ தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "அப்ப… நான் தினம்… நாலு காலும்…"

"நாலு இல்ல. ரெண்டுதான். மாடியிலிருந்து தினம் பாக்கறேன். தொட்டிக்கு அடியில கால நீட்டி உக்காந்திருக்கு. நீங்க குனிஞ்சு கழுவறப்ப உங்க தலையைத் தடவிக்கிட்டே இருக்கு. தடவிக்கிட்டே என்னை அண்ணாந்து பாக்குது." அவள் குரல் தேய்ந்து வெறும் மூச்சாயிற்று. "நெலிதா பஸ் ஏறுறதுக்குள்ள ஃபோன் பண்ணி, வராதேன்னு சொல்லிடுங்க. இப்படியே, இந்தக் கதவைத் திறந்துட்டு வெளியே வாங்க. திரும்பிப் பாக்காம."

அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார். பழுக்கக் காய்ந்திருந்த இரும்பு. சுட்டது. எடுக்கவில்லை.

கசில்டாவின் கண்கள் அவர் முகத்தை விட்டு விலகின. அவர் தோளுக்கு மேலே போயின. இன்னும் மேலே. அண்ணாந்து.

பின்னால், கூடத்துத் தரையில், ஈரப் பாதங்கள் ஒட்டிப் பிரியும் ஓசை. அவசரம் இல்லாமல்.

ஒன்று. இரண்டு.

ஒன்று. இரண்டு.